தனபாலுக்குச் சேரவேண்டிய நாலு மீன்

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய்யே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால், பிறகு அதற்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டியிருக்கும். வண்டன்மேட்டு முனீஸ்வரன் பத்தொன்பது வருடமாக அப்படி ஒரு பொய்யை வளர்த்து வந்தான். இன்றைக்கு அதை ஒரு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் பஸ்ஸில் கம்பத்தில் இருந்து பெருமாட்டிக்குப் புறப்பட்டிருந்தான்.

பெட்டிக்குள் இரண்டு பாலிதீன் பைகள். பைக்கு நாலாக எட்டு ரெயின்போ மீன் குஞ்சுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம். நெத்திலிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல நல்ல கண் வேண்டும். அந்த ஜாதியே அப்படித்தான். கடையில் இருக்கும்போது வெளுத்துப்போய், யாரும் திரும்பிப் பார்க்காதபடி இருக்கும். ஒரு வயது நெருங்கினால்தான் முன்பாதி நீலமும் பின்பாதி ஆரஞ்சுமாக நிறம் ஏறும். முனீஸ்வரனின் தைரியமெல்லாம் அந்த ஒரு வருடத்தில்தான் இருந்தது. நிறமேறாத குஞ்சைப் பார்த்து, இது இன்ன மீனின் வம்சம் என்று எவன் சொல்லப் போகிறான்?

பழனியில் ஏறிய பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னண்ணே?"

"மீனு."

"கொழம்புக்கா?"

"இல்லண்ணே. சிநேகிதன் புது வீட்டுக்குப் பால்காச்சு. அதுக்குக் கொண்டுபோறேன்."

"பால் காச்சுற வீட்டுக்கு மீனா? நல்ல சிநேகிதம்" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் சீட்டைக் கிழித்தார். முனீஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சிநேகிதம் கொழிஞ்சாம்பாறையில் ஆரம்பித்தது. அங்கே ஒரு மோட்டார் ரிவைண்டிங் கடையில் முனீஸ்வரனும் தனபாலும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். முனீஸ்வரன் ஏலக்காட்டுத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். தனபால் பக்கத்துப் பெருமாட்டியில் தென்னந்தோப்புக்காரக் கூட்டுக்குடும்பத்துப் பிள்ளை. பெரியப்பா, சித்தப்பா என்று பதினேழு பேர் இருந்த வீட்டில் படுக்க இடமில்லாமல் கடை மாடிக்கு வந்து சேர்ந்திருந்தான். மாடியில் ஒரே அறை. கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல். இரண்டு பாய், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். மீனாட்சிபுரத்தில் மூடிப்போன ஓட்டல் ஒன்றில் இருந்து சல்லிசாகக் கிடைத்த நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, சுவரோரமாக.

செம்புக் கம்பி வாங்கக் கோயமுத்தூர் போன தனபால், கம்பியோடு எட்டு மீனையும் வாங்கி வந்தான். "இந்த வெள்ளக் கெண்டைக்கா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறிப் போன?" என்று முனீஸ்வரன் வாய் ஓயாமல் ஏழு மாதம் கேலி செய்தான். எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் அந்தக் கேலி நின்றுபோனது. ஜன்னல் வழியாக முதல் வெயில் தொட்டியில் விழுந்ததும், ஆண் மீன்கள் துடுப்பை விரித்துக்கொண்டு தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட ஆரம்பித்தன. முன்னே நீலம், பின்னே ஆரஞ்சு. பெண் மீன் பக்கத்தில் வந்தால் நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று வரும், போகும். பல்கூட விளக்காமல் இரண்டு பேரும் பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்து முதலாளி போட்ட சத்தம் மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான் விடிந்தது. கூட்டாளி சேர்க்கிறேன் என்று தனபால் ஒரு தங்கமீனைக் கொண்டுவந்து விட்டான். பாவம், அது திரும்பி வாயைத் திறப்பதற்குள் இந்த எட்டும் தீனியைக் காலி செய்துவிடும். நீள வாலோடு ஒரு ஃபைட்டர் மீன் வந்தது. அதுவும் பட்டினி கிடந்து மூலையில் ஒதுங்கியது. கடைசியில், அடிமணலில் மேய்ந்து விழுந்ததைப் பொறுக்கித் தின்னும் சின்னக் கெளுத்தி ஜாதிதான் ஒத்துப்போனது. அந்த அறையில் அவர்களுக்கு இரண்டு சட்டைக்கு மேல் சொத்துக் கிடையாது. ஆனாலும் பிற்பாடு முனீஸ்வரன் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, குவார்ட்டர்ஸ் வாங்கி, எவ்வளவோ நல்ல காலைகளைப் பார்த்தான். அதைப்போல ஒன்றை அவன் பார்த்ததில்லை.

முதலாளி கடையை மூடினார். முனீஸ்வரனுக்கு வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோரில், டிரையர் மோட்டார் பார்க்கிற வேலை கிடைத்தது. மீனைப் பாகம் பிரிக்கும் பேச்சு வந்தபோது தனபால்தான் வேண்டாம் என்றான்.

"நாலு நாலாப் பிரிச்சா கூட்டம் கலைஞ்சு எட்டும் கெட்டுப்போயிரும்டா. எட்டையும் நீ கொண்டுபோ. எனக்கு ஊடுன்னு ஒண்ணு வரட்டும், அன்னிக்கு என்ற பங்கு நாலைக் குடு போதும்."

நாலடித் தொட்டியை ஜீப்பில் ஏற்ற முடியவில்லை. மலையில் ஒரு ரெண்டடித் தொட்டி பார்த்துக்கொள்ளலாம் என்று முனீஸ்வரன் கிளம்பினான். தனபால் கடை போர்வெல் தண்ணீரை இரண்டு கேன் நிறையப் பிடித்துக் கூடவே கொடுத்தனுப்பினான். மலைக்காரனுக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு திமிர் உண்டு. கீழே இருந்து யார் வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்ப்பான். கெட்டிலில் வெள்ளையாய்ப் படிகிற அந்தக் கரிப்புத் தண்ணீர் மலை ஏறுவதாவது! முனீஸ்வரன் கம்பம்மெட்டில் ஜீப்பை நிறுத்தி இரண்டு கேனையும் ரோட்டில் கவிழ்த்தான். ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, ரெண்டடித் தொட்டியை நிரப்பி, எட்டையும் விட்டான்.

ரெயின்போ மீனுக்குக் கரிப்புத் தண்ணீர்தான் தாய்ப்பால் என்பதும், ஓடுவதற்கு நீளம் இல்லாவிட்டால் கண்ணாடியில் மோதி மோதியே ஓய்ந்துபோகும் என்பதும், குளிர் ஆகாது என்பதும் அவனுக்குப் பிற்பாடு தெரிந்தது. பதினோரே நாளில் எட்டும் போய்விட்டன.

பதினோராம் நாள் தனபால் ஸ்டோருக்குப் போன் போட்டான். "மீனெல்லாம் எப்படிறா?" என்று கேட்டான். "எல்லாம் சொகம்" என்று முனீஸ்வரன் சொன்னான். சொன்னது அவ்வளவுதான். அடுத்த மாதம் மறுபடி கேட்டான், மறுபடி சொகம். அப்புறம் மீன் முட்டையிட்டது. குஞ்சு பொரித்தது. பேரன் பேத்தி எடுத்தது. "எத்தனை அடித் தொட்டிடா?" என்று தனபால் ஒரு தடவை கேட்டபோது, "ரெண்டடிதான், மலைத்தண்ணிக்கு அதுவே தாராளம்" என்று வாய் தானாகப் பேசியது. தனபாலுக்குக் கொண்டை ஊசி வளைவு ஆகாது. மலைக்கு வந்து பார்க்கமாட்டான் என்ற தைரியம்.

"செத்த மீனுக்கு வயசு பத்தொம்பது ஆகுது. காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க" என்று அவன் மனைவி பூமாரி போன வாரம்கூடச் சொன்னாள். தனபால் வீடு கட்டி முடித்து, "என்ற பங்கைக் கொண்டு வாடா" என்று கூப்பிட்ட அன்றைக்கு அவள் சொன்னது வேறு. "இப்பவாச்சும் உண்மையச் சொல்லிருங்க." முனீஸ்வரன் கேட்கவில்லை. கம்பத்தில் மீன் வளர்க்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து எட்டுக் குஞ்சை வாங்கிவிட்டான். நாலைக் கொடுத்தால் கூட்டம் போதாது, எட்டையும் கொடுத்துவிடுவது, கடன் தீர்ந்தது என்று தனக்குத்தானே நியாயமும் சொல்லிக்கொண்டான்.

பெருமாட்டி போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பால் காய்ச்சி முடிந்து, பந்தலில் இரண்டாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. தனபாலின் மனைவி செல்வப்பிரியா வாசலுக்கே வந்தாள்.

"வாங்கண்ணா. காலைலிருந்து உங்களைத்தானுங்க கேட்டுக்கிட்டே இருக்கறாரு. பால் பொங்கறதைக்கூடப் பாக்கலை, ரோட்டைத்தான் பாத்துட்டு நின்னாரு."

தனபால் வந்தான். தலை பாதி நரைத்து, வயிறு முன்னால் வந்திருந்தது. முனீஸ்வரனைக் கட்டிப்பிடித்தான், உடனே பெட்டியை வாங்கிக் காதருகில் வைத்துப் பார்த்தான். அந்த ஒரு செய்கையில் இருபத்தைந்து வயதுத் தனபால் அப்படியே இருந்தான். முனீஸ்வரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வா வா, மொதல்ல தொட்டியைப் பாரு."

ஹாலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அது நின்றது. நீலப் பெயிண்ட், உள்ளே விளக்கு, சுற்றிலும் தேக்குச் சட்டம். அகலத்துக்கு ஒரு ஆளின் தோள்பட்டைதான். உயரத்துக்கு ஏறக்குறைய ஆள் உயரம்.

"முந்நூறு லிட்டரு. நம்ம பழசு இருநூறுதான், நெனப்பிருக்குதா?" என்றான் தனபால்.

மோட்டார்க்காரனும் தோட்டக்காரனும் எதையும் லிட்டரில்தான் அளப்பார்கள். மொட்டை மாடித் தொட்டிக்கு அந்தக் கணக்குச் சரி. மாடிப்படி ஏறி இறங்கி விளையாடுகிற மீன் இல்லை இது. கிடைமட்டமாக ஓடுகிற மீன்.

"நீளம் எம்புட்டு?" என்று முனீஸ்வரன் கேட்டான்.

"ரெண்டடி. நாலடி வெச்சா ஹாலுக்கு அடைப்பா இருக்கும்னாங்க. நீதான் சொல்லியிருக்கறயே, ரெண்டடியே தாராளம்னு. அதான் உசரத்தை ஏத்திப்போட்டேன். இன்னொண்ணு கேளு. தண்ணியும் நம்ம போர்த்தண்ணி இல்ல. ஆர்.ஓ. மிசின் வெச்சு, உங்க மலைத்தண்ணியாட்டவே பண்ணி நெரப்பியிருக்கறேன். பத்தொம்பது வருசமா மலைல வளந்த வம்சம், நம்ம உப்புத்தண்ணி ஒத்துக்குமா?"

முனீஸ்வரன் தொட்டியையே பார்த்தான். போனில் போகிறபோக்கில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் தனபால் நம்பி, எழுதி வைத்து, அளவெடுத்துக் கட்டியிருந்தான்.

செல்வப்பிரியாவின் தம்பி சதீஷ் ஒரு வாளியோடு வந்தான். வாளிக்குள் நெற்றி புடைத்த ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீன் முறைத்துக்கொண்டிருந்தது.

"வாஸ்து மீனுங்கண்ணா. இதையும் கூட விட்றலாம்ங்க. குஞ்சிலிருந்தே ஒண்ணா வளந்தாப் பழகிரும்."

"இது உள்ள போனா நாளைக்கு இந்த எட்டுல ஒண்ணு மிஞ்சாது தம்பி" என்றான் முனீஸ்வரன். தனபால் உடனே, "அதை அக்கட்டால கொண்டுபோடா. மீனைப் பத்தி இவனுக்குத் தெரியாததா" என்று மச்சினனை விரட்டினான். வாஸ்து வாளியோடு வெளியேறியது.

"இப்ப விட்றலாமா? ஒறம்பரை சனமெல்லாம் இருக்கறப்பவே பாத்துக்கட்டும்." தனபால் பெட்டியைத் திறந்து ஒரு பையைக் கையில் எடுத்தான்.

பேசாமல் இருந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிக்குள் கம்பம். பத்துப் பதினோரு நாள் கழித்து ஒரு போன் வரும். முனீஸ்வரனுக்கு அந்தப் போன் இப்போதே காதில் கேட்டது. தனபால் திட்ட மாட்டான். 'நீ பத்தொம்பது வருசம் காப்பாத்துனதை நான் பத்து நாள்ல கொன்னுபோட்டேன்டா' என்று அழுவான். சாகிறவரை அவன் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். அதை மட்டும் முனீஸ்வரனால் தாங்க முடியாது.

"தனபாலு, கொஞ்சம் பின்பக்கமா வா" என்று பையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முனீஸ்வரன் முன்னால் நடந்தான்.

சமையல் அண்டாக்களைத் தாண்டி, தென்னை மரத்தடியில் நின்று சொன்னான். "இதுகள அந்தத் தொட்டியில விடாத. பதினோரு நாளைக்கு மேல தாங்காது."

"அதென்னடா கணக்கு, பதினோரு நாளு?"

"நான் பாத்த கணக்கு."

தனபாலுக்கு உடனே விளங்கவில்லை. முனீஸ்வரன் கம்பம்மெட்டில் கேனைக் கவிழ்த்ததில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். உண்மைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"எட்டுமா?" என்று தனபால் கேட்டான்.

"எட்டும்."

"அப்ப நாப்பது குஞ்சு பொரிச்சுதுன்னு சொன்னது?"

"பொய்."

"மழைல நாலு நாளாக் கரண்டு இல்லாம, வெந்நி வெச்சு ஊத்திக் காப்பாத்துனேன்னு சொன்னயே?"

"அதுவும் பொய்தாண்டா."

"என்ற அம்மா அன்னிக்கு மாரியம்மன் கோயிலுக்குப் போயி உன்ற மீனுக்கு வெளக்குப் போட்டுட்டு வந்துச்சு." தனபால் குரல் உயரவே இல்லை. "என்ற புள்ளைகளுக்குச் சோறு ஊட்டறப்ப இந்த மீன் கதையைத்தான்டா சொல்லுவேன். இது? இந்தப் பொட்டிக்குள்ள இருக்கறது?"

"நேத்துக் கம்பத்துல வாங்குனது."

ஒரு அறை விட்டிருந்தால் முனீஸ்வரனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தனபால் விடவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பந்தலில் யாரோ ரசம் கேட்டுக் கத்தினார்கள். பூமாரி சொன்னபோதே சொல்லியிருக்கலாம் என்று முனீஸ்வரன் நினைத்தான். எல்லாம் முடிந்துபோயிற்று என்றும் நினைத்தான்.

"பொட்டியை எடு" என்று சொல்லிவிட்டு தனபால் தோப்புக்குள் நடந்தான்.

பழைய வீட்டுக் கட்டுத்தரை வந்தது. மாடெல்லாம் விற்றாகிவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சிமெண்டுத் தொட்டி மட்டும் கிடந்தது. பன்னிரண்டடி நீளம், இடுப்புக்குக் கீழே ஆழம், பக்கத்து மாமரத்தின் நிழல். போர்வெல் குழாய் நேரே அதில்தான் விழும். தண்ணீர் ஏறி இறங்கிய இடமெல்லாம் சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. கொசுவுக்காகப் பஞ்சாயத்தில் கொடுத்த கப்பி மீன்கள் கூட்டமாகத் திரிந்தன.

"இதுல சாகுமா?"

முனீஸ்வரன் கையை விட்டுப் பார்த்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு வாய் அள்ளிக் கொப்பளித்தான். கொழிஞ்சாம்பாறைக் கடை மாடியின் அதே கரிப்பு. "சாகாது. கப்பி ஒண்ணும் செய்யாது, இதுகளும் அதுகள வெரட்டாது. மேல மட்டும் ஒரு வலையக் கட்டணும், துள்ளி வெளிய விழுந்துரும்." அப்புறம், மறைக்க மனமில்லாமல், அதையும் சொன்னான். "ஆனா மேல இருந்து பாத்தா முதுகுதான்டா தெரியும். நெறம் ஏறுனாலும் உனக்குத் தெரியாது. காலையில ஆடுற ஆட்டத்தப் பாக்க முடியாது."

"சாகாதல்ல?"

"சாகாது."

"அப்பப் போதும்."

பைகளின் வாயை அவிழ்த்து, விளிம்பைச் சுருட்டிவிட்டு, தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். உள்ளே இருக்கிற தண்ணீரும் வெளியே இருக்கிற தண்ணீரும் ஒன்றுபோல் ஆக அரை மணி நேரம் ஆகும். கட்டுத்தரையில் கிடந்த ஒரு டம்ளரில் கொஞ்சங்கொஞ்சமாக மொண்டு பைக்குள் விட்டுக்கொண்டே தனபால் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். எழுந்து போய்விடுவதா, இருப்பதா என்று தெரியாமல் முனீஸ்வரன் நின்றான்.

"உக்காரு" என்றான் தனபால். இன்னொரு டம்ளர் மொண்டு விட்டுவிட்டுக் கேட்டான். "மொதல்ல ஆரு போனா?"

கேள்வி விளங்க முனீஸ்வரனுக்கு ஒரு நிமிடம் ஆனது. மோட்டார்க் கடையில் எட்டுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்களை அவன் பத்தொன்பது வருடமாக வாய்விட்டுச் சொன்னதில்லை. பொய்யில் வந்த மீன்களுக்குக்கூட அவன் அந்தப் பெயர்களை வைக்கவில்லை.

"தாசில்தாரு" என்றான்.

"அது தின்னே செத்திருக்கும்."

"இல்லடா. தீனியே எடுக்கல. ரெண்டாம் நாளே வயித்த மேல காட்டிச் சாஞ்சிருச்சு."

"அப்புறம்?"

"சப்மெர்சிபிள். அது எப்பவும் அடியிலதான கெடக்கும், நான் கவனிக்கல. அப்புறம் ஒரே நாள்ல ஸ்டார்ட்டரும் மீட்டர் ரீடரும்."

"மீட்டர் ரீடருமா" என்றான் தனபால். தொட்டிக் கண்ணாடியில் முகத்தை வைத்து, யார் யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் மீன் அது. தனபால் தலையைக் குனிந்துகொண்டான்.

முனீஸ்வரன் ஒவ்வொன்றாகச் சொன்னான். எந்த நாள், எந்த நேரம், எங்கே புதைத்தான் என்று தனபால் கேட்டுக்கொண்டே வந்தான். குவார்ட்டர்ஸ் பின்னால் ஏலச்செடிக்கு அடியில் என்று முனீஸ்வரன் சொன்னான். கேட்கிறவனும் சொல்கிறவனும் இழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தணிந்த குரலில் பேசினார்கள்.

"மூணு எச்பி?" என்றான் தனபால் கடைசியாக. மூன்று குதிரைசக்தி மோட்டாரின் பெயர் வைத்த, கூட்டத்திலேயே பெரிய ஆண் அது. விடிந்ததும் முதலில் துடுப்பை விரிப்பது அதுதான்.

"அதான் கடைசி. பதினோராம் நாளு."

"நான் போன் பண்ணுன அன்னிக்கா?"

"நீ பண்ணும்போது உசுரோட இருந்துச்சுடா. மூலையில ஒத்தையில நின்னுச்சு. அது ஒண்ணு பொழச்சா, எப்படியாச்சும் சோடி தேடி உன் பங்கத் தேத்திக் குடுத்துறலாம்னு நெனச்சேன். அதான் சொகம்னு சொன்னேன். சாயங்காலம் வேல முடிஞ்சு வந்தேன், போற நேரமா இருந்துச்சு."

"பக்கத்துல ஆரும் இல்லையா?"

"நான் இருந்தேன். கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன்."

தனபால் டம்ளரைக் கீழே வைத்தான். பையைச் சாய்க்கிற நேரம் ஆகியிருந்தது. அவன் சாய்க்கவில்லை.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லடா" என்றான். "நானும் வந்து கூட உக்காந்திருப்பேன்."

முனீஸ்வரன் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தனபால் அவன் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறுகையால் பைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் சாய்த்தான்.